அப்பாவின் காரியத்தில் பிண்டம் வைத்தவன் மறுதலித்தவனா?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் பிடிபட வேண்டும். ஞானஸ்நானம் எடுத்து ஆறு வருடம். வீட்டில் நீங்கள் ஒருவர்தான் கிறிஸ்தவர். அப்பா தவறியபோது மூத்த பிள்ளை என்று கொள்ளி வைத்தீர்கள். பதினாறாம் நாள் காரியத்தில் பிண்டம் வைக்க மாட்டேன் என்று சொன்னீர்கள். உங்கள் தம்பி சண்டை போட்டார். சித்தப்பா "சொத்துல பங்கு கிடையாது" என்றார். அதற்கெல்லாம் அசையவில்லை. கடைசியில் அம்மா வந்து, "உங்கப்பா பசியோட அலையட்டுமா?" என்று கேட்டு அழுதார். போய் உட்கார்ந்து, காரியம் செய்துவைத்தவர் சொன்னபடி எல்லாம் செய்துவிட்டீர்கள். சபையில் விஷயம் தெரிந்து, திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனைக்கு) வர வேண்டாம் என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். நான் கிறிஸ்துவை மறுதலித்தவனா, அடுத்த வருஷம் திவசம் வரும்போது எப்படி உறுதியாக நிற்பது என்று இரண்டு கேள்வி கேட்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். செய்தது தவறுதான், அதை மழுப்ப மாட்டேன். ஆனால் மறுதலித்தவர் என்ற பெயர் உங்களுக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒரே மூச்சில் ஏன் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் வரலாறு தேவைப்படும், பொறுத்துக்கொள்ளுங்கள். இறையியல் மாணவர்களுக்குத் திருச்சபை வரலாறு நடத்திப் பழகிய வாய், சுருக்கமாகப் பேச வராது.

நம் பிரசங்கங்களில் உபத்திரவம் என்றால் வாளும் சிறையும்தான் வரும். குமரிப் பக்கம் யாரைக் கேட்டாலும் தேவசகாயத்தைச் சொல்வார்கள்: 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், பிறகு கைது, எருமை மேல் ஏற்றி ஊர்வலம், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. பெரிய சாட்சி. ஆனால் உங்கள் முன்னால் துப்பாக்கி இல்லை. அழுத கண்ணோடு அம்மா இருந்தார். வாளை எதிர்த்து நிற்கிறவனுக்கு எதிரி யார் என்றாவது தெரியும். அம்மாவை எதிரி என்று எப்படி நினைப்பது? அதனால் தேவசகாயத்தை விட்டுவிட்டு, உங்கள் கேள்வியையே கேட்டுத் தலையை உடைத்துக்கொண்ட ஒரு நாட்டுக்குப் போகலாம். கொரியா.

கத்தோலிக்கர்களின் கதைதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெற்றோருக்குச் செய்யும் சடங்குக்காக உயிர் போன கதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கிடைக்காது.

கொரியாவில் சபையைத் தொடங்கியது மிஷனரிகள் இல்லை. சீன மொழியில் இருந்த கிறிஸ்தவப் புத்தகங்களைப் படித்த பிரபு குடும்பத்து இளைஞர்கள் சிலர், தாங்களாகவே கூடிப் பேசித் தொடங்கினார்கள். அவர்களில் யி சுங்-ஹுன் என்பவர் அரசுத் தூதுக்குழுவோடு போன தன் தகப்பனாருடன் பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) போய், 1784-ல் பேதுரு என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். மறு வருடமே குட்டு வெளிப்பட்டது. சியோலில் ஒரு வீட்டில் கூடியிருந்தவர்கள் பிடிபட்டார்கள். அரசு என்ன செய்தது தெரியுமா? கூட்டம் நடந்த வீட்டுக்காரர் பிரபு குலத்தவர் அல்ல, மொழிபெயர்ப்பாளர். அவரை மட்டும் அடித்து நாடு கடத்தியது. பெரிய வீட்டுப் பிள்ளைகளை அவரவர் வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டது. சிறையைவிட வீடு நன்றாக வேலை செய்யும் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

வேலை செய்தது. யி சுங்-ஹுன் குடும்ப நெருக்குதலில் புத்தகங்களை எரித்துவிட்டு விலகினார். அவரை பீக்கிங் போகத் தூண்டியவரே யி பியோக் என்ற நண்பர்தான். குழுவில் மிகவும் சூடான ஆள். அவருடைய தகப்பனார் தூக்கு மாட்டிக்கொள்ளப் போனார் என்று கொரியத் திருச்சபை வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்கள். மகன் என்ன செய்வார்? இப்படியும் அப்படியும் அர்த்தம் கொள்ளத்தக்க ஒரு வார்த்தையைச் சொல்லி அப்பாவைச் சமாதானப்படுத்தினார். வெளியே போவதை நிறுத்தினார். கொஞ்ச காலத்திலேயே நோய் வந்து, முப்பது வயதை ஒட்டிச் செத்துப்போனார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் அவர்தான்.

ஆறு வருடம் கழித்துச் சிக்கல் முற்றியது. முன்னோரின் பெயர் எழுதிய மரப்பலகையை வீட்டில் வைத்து, அதன் முன்னால் உணவு படைத்து வணங்குவது கொரியாவில் மகனுக்கு முதல் கடமை. கன்பூசிய நெறிப்படி அரசாங்கமே அதன் மேல்தான் நின்றது. பெற்றோரை வணங்காதவன் ராஜாவுக்கும் விசுவாசமாக இருக்க மாட்டான் என்பது கணக்கு. கிறிஸ்தவர்கள் இதைச் செய்யலாமா என்று பீக்கிங் ஆயரிடம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். 1790-ல் வந்த பதில்: கூடாது. 1715-லும் 1742-லும் ரோமிலிருந்து வந்த ஆணைகள் சீனர்களின் முன்னோர் சடங்கைத் தடை செய்திருந்தன, ஆயரும் அதையே சொன்னார். அந்தப் பதிலைக் கேட்டதும் பலர் விலகிப் போனார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

விலகாதவர் யுன் ஜி-சுங், கிறிஸ்தவப் பெயர் பவுல். வீட்டிலிருந்த மூதாதையர் பலகைகளை எரித்தார். 1791-ல் அவருடைய தாய் இறந்தார். துக்க உடை உடுத்தி, அழுது, முறையாக அடக்கம் செய்தார். பலகை மட்டும் வைக்கவில்லை, உணவு படைக்கவில்லை. மாமன் மகன் குவோன் சாங்-யோனும் அவரோடு நின்றார். துக்கம் கேட்க வந்த உறவினர்களுக்குப் பொறுக்கவில்லை. செய்தி அரசவை வரை போயிற்று. இருவரும் தலைமறைவானதும் யுன்னின் சித்தப்பாவைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு இருவரும் தாமாகவே வந்து சரணடைந்தார்கள். விசாரணையில் யுன் சொன்னதன் சாரம் இது: அந்தப் பலகை மரம், அதற்கும் எனக்கும் ரத்த உறவு எதுவும் இல்லை, அதை எப்படி என் தாய் தகப்பன் என்று சொல்வேன்? 1791 டிசம்பர் 8 அன்று ஜியோன்ஜு நகரத்தின் தெற்கு வாசலுக்கு வெளியே இருவர் தலையும் வெட்டப்பட்டது. 2014 ஆகஸ்ட் 16 அன்று போப் பிரான்சிஸ் சியோலில் 124 பேரை முத்திப்பேறு பெற்றவர்களாக (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) அறிவித்தபோது, பட்டியலில் முதல் பெயர் யுன்னுடையது.

ஒன்றைக் கவனியுங்கள். யுன்னின் தாயே தனக்குக் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் வேண்டும் என்று விரும்பியிருந்தார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. ஊரும் உறவும் ராஜாவும் எதிர்ப்பக்கம், தாய் அவர் பக்கம். உங்களுக்கு அப்படி இல்லை. ஆகவே "யுன் நின்றாரே, நீ ஏன் நிற்கவில்லை" என்று யாராவது கேட்டால், ஒப்பீடு முழுசாகப் பொருந்தாது என்று நான் சொல்வேன்.

உங்களுக்குப் பொருந்துகிறவர் அதே வருடம் பிடிபட்ட குவோன் இல்-சின். சபையின் தூண்களில் ஒருவர். அடித்தார்கள், பணியவில்லை. தீவுக்கு நாடுகடத்தத் தீர்ப்பானது. கடைசியில் அவருடைய வயதான தாயைக் காட்டிப் பேசினார்கள்: தீவுக்குப் போனால் அம்மாவை இனிப் பார்க்க முடியாது, கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் பக்கத்தில் எங்காவது அனுப்புகிறோம். மனம் தளர்ந்து ஏதோ எழுதிக் கொடுத்தார். தண்டனை குறைந்தது. ஆனால் வாங்கிய அடியின் காயத்தால் போகும் வழியிலேயே செத்துப்போனார். முத்திப்பேறு பெற்ற 124 பேரில் அவர் பெயர் இல்லை. வகுப்பில் இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்துவேன். பிள்ளைகள் எல்லாரும் யுன் கட்சிதான். ஒரே ஒரு வருஷம், வீட்டை எதிர்த்து இறையியல் படிக்க வந்திருந்த பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, குவோன் எழுதிக் கொடுத்ததை நான் குற்றம்னு சொல்லிடுவேன், ஆனா அவர் தலையில கல் போட மாட்டேன்" என்றான். அன்றைக்கு அதற்கு மேல் நான் பாடம் நடத்தவில்லை.

சரி, சடங்கின் விஷயத்துக்கு வருவோம். 1939 டிசம்பர் 8 அன்று ரோம் ஓர் ஆணை வெளியிட்டது. இறந்தவர் உடலுக்கு முன்னாலும், படத்துக்கு முன்னாலும், வெறும் பெயர் எழுதிய பலகைக்கு முன்னாலும் சீனக் கிறிஸ்தவர்கள் தலை வணங்கலாம், அது இப்போது நாகரிக மரியாதை என்றது. தேதியைப் பாருங்கள்: யுன் வெட்டப்பட்டு சரியாக 148 வருடம், அதே நாள். வேண்டுமென்றே பார்த்து வைத்த தேதி இல்லை. ஆனால் அந்த இரண்டு தேதிகளையும் ஒன்றாகப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். அப்படியானால் யுன் அநியாயமாகச் செத்தாரா?

நான் அப்படி நினைக்கவில்லை. 1791-ல் அந்தப் பலகையில் ஆவி தங்கும் என்று நம்பித்தான் உணவு வைத்தார்கள். 1939-ல் ரோம் சொன்ன காரணம், அந்த நம்பிக்கை தேய்ந்து வெறும் மரியாதையாக மாறிவிட்டது என்பது. செயல் ஒன்றுதான். அந்த ஊரில் அந்தக் காலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் வேறு. மதுரையிலும் இதே வழக்கு நடந்ததுதானே. 1606-ல் வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் குலத்தின் அடையாளம், வழிபாடு அல்ல என்று வாதாடினார். 1623-ல் ரோம் அதை ஏற்றது. பின்னால் 18-ஆம் நூற்றாண்டில் மலபார் சடங்குகள் என்று பெயரிட்டுப் பலவற்றைத் தடுத்தது. எது பண்பாடு, எது வழிபாடு என்ற கோட்டை நம் முன்னோர் அழித்து அழித்துத்தான் போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு ஒரே நாளில், பந்தலுக்குக் கீழே, எல்லாரும் பார்க்கும்போது அந்தக் கோடு தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வேதத்தில் அப்போஸ்தலன் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் இதே அளவுகோல்தான். கடையில் விற்கிற இறைச்சியை ஒன்றும் கேட்காமல் வாங்கிச் சாப்பிடு. விருந்துக்கு அழைத்தால் போ, வைத்ததைச் சாப்பிடு. ஆனால் ஒருவன் உன்னிடம் "இது விக்கிரகத்துக்குப் படைத்தது" என்று சொல்லிவிட்டால் சாப்பிடாதே. 1 கொரிந்தியர் 10-ஆம் அதிகாரம். இறைச்சி மாறவில்லை. சொன்னவன் மனதில் அதற்கு அர்த்தம் வந்துவிட்டது, அவனுக்காகத் தவிர்.

உங்கள் அம்மா சொன்ன வார்த்தையை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். "உங்கப்பா பசியோட அலையட்டுமா?" பிண்டத்துக்கு உங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அது வெறும் மரியாதை இல்லை. இறந்தவருக்குப் பசிக்கும், மகன் கையால் அன்னம் போனால்தான் கரையேறுவார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். ஆனால் அப்பா இப்போது தேவனுடைய கையில் இருக்கிறார் என்று நம்புகிறவர், அவருக்குப் பசி தீர்க்கும் சடங்கில் உட்கார்ந்தால் வாய் ஒன்றும் கை ஒன்றும் சொல்கிறது. தவறு என்று நான் சொன்னது இதனால்தான். கொள்ளி வைத்தது, தோள் கொடுத்தது, துக்கம் காத்தது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டது, இதில் எதையும் தவறு என்று நான் கருதவில்லை. மொட்டை போடுவதில் போதகர்களுக்குள்ளேயே பேச்சு வேறுபடும். என்னைக் கேட்டால் துக்கத்தின் அடையாளமாக அதை விட்டுவிடுவேன்.

இனி மறுதலிப்பு என்ற வார்த்தை. இது எங்கே காய்ச்சி எடுத்த வார்த்தை என்று தெரிந்தால் அதை இவ்வளவு சுலபமாக வீச மாட்டார்கள். 250-ஆம் ஆண்டு, ரோமப் பேரரசன் டெசியஸ். பேரரசில் இருக்கிற எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, மதுவை வார்த்து, படைத்ததில் கொஞ்சம் சாப்பிட்டு, அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவு. அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை பாப்பிரஸ் தாளில் எகிப்து மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களுக்கென்றே போட்ட உத்தரவு இல்லை. முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்திகூடச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். நம் ஊர்ச் சான்றிதழ் வரிசைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்தில் ஆயராக இருந்தவர் சிப்ரியான். அவர் எழுதிவைத்திருப்பதைப் படித்தால் வேதனையாக இருக்கும். பிடிக்கக்கூட ஆள் வருவதற்கு முன்பே விசுவாசிகள் கூட்டம் கூட்டமாகப் பலியிட ஓடினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வா என்று அதிகாரி சொன்னால், இன்றைக்கே முடித்துக்கொடுங்கள் என்று கெஞ்சினார்கள். இன்னும் சிலர் பலியிடாமல் லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சிப்ரியான் தலைமறைவாகி, ஒளிந்திருந்து கடிதம் எழுதினார். அதற்காக அவரையும் ஏசினார்கள். அலை ஓய்ந்ததும் விழுந்தவர்கள் சபை வாசலில் வந்து நின்றார்கள். என்ன செய்வது?

ரோமில் நோவாசியன் என்பவர், விழுந்தவனுக்குச் சபையில் இடமே கிடையாது என்றார். அவர் கூட்டம் பிரிந்து போயிற்று. எதிர்ப்பக்கம் சிலர், ஒன்றுமே நடக்காததுபோல உடனே சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சிப்ரியான் இரண்டுக்கும் இசையவில்லை. 251-ல் கார்த்தேஜில் ஆயர்கள் கூடி, ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியே கேட்டுத் தீர்மானிப்பது என்று முடிவு செய்தார்கள். சிப்ரியான் ஒரு கடிதத்தில் இப்படி ஒரு வேறுபாடு வைக்கிறார், நான் சாரத்தை மட்டும் சொல்கிறேன்: கூப்பிட்டவுடனே பலிபீடத்துக்குத் தாவிப் போனவனும், நெடுநேரம் போராடி எதிர்த்துக் கடைசியில் நெருக்கடியால் போனவனும் ஒன்றல்ல, தன்னையும் தன் வீட்டாரையும் சேர்த்துக் கெடுத்தவனும், மனைவி மக்களைக் காப்பாற்றத் தான் ஒருவனே போய் அந்தச் சோதனையை ஏற்றவனும் ஒன்றல்ல. மறு உபத்திரவம் வரும் அறிகுறி தெரிந்ததும், மனம் திரும்பி நின்ற எல்லாரையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள், திருவிருந்து கொடுக்காமல் அடுத்த போராட்டத்துக்கு வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று. இவ்வளவையும் சொன்ன சிப்ரியானை 258 செப்டம்பர் 14 அன்று தலையை வெட்டிக் கொன்றார்கள். அன்றைக்கு அவர் ஓடி ஒளியவில்லை.

325-ல் நிக்கேயாவில் கூடிய பொதுச்சங்கம், எந்தக் கட்டாயமும் இல்லாமல் விசுவாசத்தை விட்டவர்களுக்குக்கூட ஒரு கணக்கு வைத்தது. கேட்கிறவர்களாக இத்தனை வருடம், முழங்காலில் இத்தனை வருடம், அப்புறம் ஜெபத்தில் மட்டும் பங்கு என்று ஏறக்குறைய பன்னிரண்டு வருடம். கடுமைதான். ஆனால் முடிவு இருந்தது, வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. உங்கள் சபையில் உங்களை நிறுத்திவைத்தவர்கள் எவ்வளவு காலம் என்று சொன்னார்களா? என்ன செய்தால் திரும்பலாம் என்று சொன்னார்களா? நீங்கள் எழுதவில்லை. சொல்லாமல் நிறுத்திவைத்திருந்தால் அது ஒழுங்கு நடவடிக்கை இல்லை. போதகரைப் போய்ப் பாருங்கள். வேறொருவர் சொல்லிக் கேட்டதை உங்கள் வாயால் முழுசாகச் சொல்லுங்கள். அம்மா சொன்னதையும் மறைக்க வேண்டாம். "நான் திரும்பிவிட்டேன், எப்போது திருவிருந்து மேசைக்கு வரலாம், தேதி சொல்லுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். அப்போஸ்தலன் பேதுரு மூன்று முறை இயேசுவை அறியேன் என்றவர், சபித்துச் சத்தியம்பண்ணினவர். அவரிடம் கர்த்தர் கேட்டது "என்னை நேசிக்கிறாயா" என்பது மட்டும்தான்; கையோடு ஆடுகளையும் ஒப்படைத்தார்.

அடுத்தது திவசம்.

2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தில் சீரியப் படைத்தலைவர் நாகமான் கதை தெரியும். குஷ்டம் நீங்கின பிறகு அவர் தீர்க்கதரிசி எலிசாவிடம் இரண்டு விஷயம் கேட்கிறார். கர்த்தரை வணங்க இந்த ஊர் மண்ணில் இரண்டு கோவேறு கழுதைச் சுமை வேண்டும் என்கிறார். அடுத்து, என் ராஜா ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலில் பணியும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டிவரும், அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும் என்கிறார். எலிசாவின் பதில்: "சமாதானத்தோடே போ." இதை எடுத்துக்காட்டி, எதையும் செய்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாகமான் ஊருக்குப் போய்ச் சிக்கிக்கொண்ட பிறகு சமாதானம் தேடவில்லை. புறப்படுவதற்கு முன்பே, என் வேலையில் இந்த இடம் இடிக்கும் என்று பார்த்து, தீர்க்கதரிசியிடம் வெளிப்படையாகப் பேசிவிட்டார். உங்களிடம் இல்லாமல் போனது இதுதான் என்று நினைக்கிறேன். பதினாறாம் நாள் காலையில், சொந்தபந்தம் எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு "மாட்டேன்" என்றால் அம்மாவுக்கு அது இடி. அப்பா படுத்திருந்த காலத்திலேயே, அல்லது காடாற்று முடிந்த மறுநாளாவது பேசியிருக்கலாம். யோசிக்கக்கூட நேரம் இல்லாதபோது நெருக்குவது எளிது. கொரிய அதிகாரிகளுக்கும் உங்கள் சித்தப்பாவுக்கும் அது தெரியும்.

ஆகவே இப்போதே பேசுங்கள். முதலில் தம்பியிடம். மூத்தவன் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டால் இளையவன் செய்வது எல்லா ஊரிலும் நடக்கிறதுதானே. "திதி கொடுக்கிறது நீ செய், செலவில் பாதி என்னுடையது, சமையல் வேலையும் பந்தி பரிமாறுவதும் என் பொறுப்பு, நாள் முழுக்க வீட்டில் இருப்பேன்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு வெளியூரில் வேலை இருக்கிறது என்று ஓடாதீர்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் அதைத்தான் உறுதி என்று நினைக்கிறார்கள். வீட்டாருக்கு அது வேறு மாதிரித் தெரியும்: மதம் மாறினான், அப்பனை மறந்தான்.

சித்தப்பா சொன்ன சொத்து மிரட்டலுக்குச் சட்டத்தில் இடமில்லை. மதம் மாறினதால் ஒருவருடைய வாரிசுரிமை போகாது என்று 1850-லேயே சட்டம் வந்துவிட்டது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு மதம் மாறினவருக்கு மாறின பிறகு பிறந்த, இந்துவாக இல்லாத பிள்ளைகளைத்தான் இந்து உறவினர் சொத்திலிருந்து விலக்குகிறது. மாறின உங்களை விலக்கவில்லை. அப்பா தன் சுயசம்பாத்தியத்தை உயில் எழுதி வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் அது வேறு கதை. ஒரு வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அந்தப் பேச்சைத் திவசத்துக்கு முன்னால் வீட்டில் எடுக்காதீர்கள். சொத்துக்காக நடிக்கிறான் என்ற பெயர் வந்தால் மற்ற எதுவும் எடுபடாது.

கடைசியாக அம்மா. அவரிடம் வேத வசனம் சொல்லி வாதாட வேண்டாம். "தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்" என்ற வசனம் உங்களுக்குச் சொன்னது, அவர் மேல் எறிவதற்குக் கொடுத்தது இல்லை. அவர் உங்களை உபத்திரவப்படுத்தவில்லை, தம்பி. நாற்பது வருஷமோ என்னவோ அந்த மனிதருக்குச் சோறு போட்டவர், போன இடத்தில் அவருக்குச் சோறு யார் போடுவார்கள் என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பிண்டம் வைத்து வாயடைத்தீர்கள், அவ்வளவுதான். ஒருநாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, அப்பா பசியோடு இருக்கிறார் என்று நான் நம்பவில்லை அம்மா, ஏன் நம்பவில்லை என்று உங்கள் பேச்சு வழக்கில், அவர் குறுக்கே பேச இடம் விட்டுச் சொல்லிப்பாருங்கள். ஏற்றுக்கொள்வார் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். அப்பாவுக்குப் பிடித்த சாப்பாடு எது என்று அவரிடமே கேட்டு, அதை அவர் கையாலேயே சமைக்கச் சொல்லி, அப்பா வயசுக்காரர்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டு இலை போடுங்கள். நீங்கள் பரிமாறுங்கள். சாப்பிட்டவர்கள் அப்பாவைப் பற்றிப் பேசுவார்கள், அதை அம்மா கேட்கட்டும்.

திதி எந்த மாதம் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு மூன்று மாதம் முன்னதாகவாவது தம்பியிடம் பேச்சை ஆரம்பித்துவிடுங்கள். போதகர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.